டெங்கு: குழந்தையின் கல்லீரலை யார் பார்ப்பது?

ஐப்பசி, கார்த்திகை மழை பிடித்துக்கொண்டால் தமிழ்நாட்டு மருத்துவமனைகளின் குழந்தைகள் வார்டில் எல்லோரிடமும் ஒரே கேள்விதான்: பிளேட்லெட் எவ்வளவு? பெற்றோர் கேட்கிறார்கள், ஊரிலிருந்து போனில் தாத்தா பாட்டி கேட்கிறார்கள், பக்கத்துப் படுக்கைக்காரர் கேட்கிறார். எண்பதாயிரம் என்றால் முகம் தெளிகிறது. நாற்பதாயிரம் என்றால் அழுகை வெடிக்கிறது. டெங்கு என்ற நோய் முழுவதையும் நாம் அந்த ஒற்றை எண்ணுக்குள் அடைத்துவிட்டோம். ஆனால், டெங்குவில் குழந்தைகளின் உயிர் போவதற்குத் தட்டணுக் குறைவு மட்டும் காரணமாக இருப்பது அபூர்வம். ரத்தக் குழாய்களிலிருந்து நீர்மம் கசிந்து ரத்த ஓட்டம் தளர்ந்துபோவதும், அதைக் கவனிக்கத் தவறும்போது உறுப்புகள் ஒவ்வொன்றாகச் செயலிழப்பதும்தான் பெரும்பாலான இறப்புகளுக்குக் காரணம். அந்த உறுப்புகளில் அதிகம் அடிபடுவது கல்லீரல். டெங்கு கண்ட குழந்தையின் வயிற்றைத் தொட்டுப் பார்த்து, அதன் கல்லீரலைக் காப்பாற்றும் வேலையை முதல் நாளே தொடங்கிவிட்டால் பல குழந்தைகளைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கே அனுப்ப வேண்டியிருக்காது. அந்த வேலையில் பெரும்பகுதி வீட்டிலும் மருந்துக்கடையிலும்தான் நடக்க வேண்டியிருக்கிறது.

கல்லீரலுக்கும் டெங்குவுக்கும் உள்ள தொடர்பு புதிய கண்டுபிடிப்பு அல்ல. 1954-ல் மணிலாவிலும் 1958-ல் பாங்காக்கிலும் குழந்தைகளைக் கூட்டம் கூட்டமாகத் தாக்கிய ரத்தக்கசிவுக் காய்ச்சலை ஆராய்ந்த மருத்துவர்கள் நான்கு அடையாளங்களை வகுத்தார்கள்: கடுமையான காய்ச்சல், ரத்தக்கசிவு, வீங்கிய கல்லீரல், ரத்த ஓட்டத் தளர்ச்சி. தட்டணுவுக்கு இணையாக, பல நேரங்களில் அதற்கு முன்பாகவே, கல்லீரல் அவர்கள் கைக்கு அகப்பட்டது. உலக சுகாதார நிறுவனம் 2009-ல் டெங்குவை மறுபடியும் வகைப்படுத்தியபோதும் கல்லீரலுக்கு இரண்டு இடம் கிடைத்தது. விலா எலும்புக்குக் கீழே இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் கல்லீரல் இறங்கியிருந்தால் அது அபாய அறிகுறி. கல்லீரல் நொதிகள் ஆயிரம் யூனிட்டைத் தொட்டாலோ தாண்டினாலோ, வேறெந்தச் சிக்கலும் இல்லாவிட்டாலும், அது ‘தீவிர டெங்கு’. வைரஸின் குடும்பத்தைப் பார்த்தாலும் இதில் வியப்பில்லை. கல்லீரலைக் குதறி எடுக்கும் மஞ்சள் காய்ச்சல் வைரஸும் டெங்கு வைரஸும் ஒரே குடும்பம். இரண்டையும் பரப்புவது ஏடிஸ் கொசுதான்.

எத்தனை பேருக்குக் கல்லீரல் பாதிக்கப்படுகிறது? தைவானில் 270 டெங்கு நோயாளிகளை ஆராய்ந்து 1992-ல் வெளியான ஆய்வில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் ஏ.எஸ்.டி. நொதி கூடியிருந்தது. பிரேசிலில் 1,585 பேரை வைத்து 2004-ல் வெளியான ஆய்வில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினருக்கு நொதிகள் மாறியிருந்தன. இயல்பைவிடப் பத்து மடங்குக்கு மேல் உயர்ந்தவர்கள் நூற்றுக்கு நான்கு பேருக்கும் குறைவு. குழந்தைகளை மட்டும் எடுத்துக்கொண்டு மைசூரில் 110 பேரிடம் நடத்தி 2012-ல் வெளியான ஆய்வும் இதே திசையில்தான் பேசுகிறது: பெரும்பாலான குழந்தைகளுக்குக் கல்லீரல் வீங்கியிருந்தது, ஏ.எஸ்.டி. கிட்டத்தட்ட எல்லோருக்கும் உயர்ந்திருந்தது, மஞ்சள் காமாலை மட்டும் மிகச் சிலருக்குத்தான் இருந்தது. இந்தக் கடைசிச் செய்தியைப் பெற்றோர் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். கண் மஞ்சளாகவில்லை, சிறுநீர் மஞ்சளாகப் போகவில்லை, ஆகவே கல்லீரல் நன்றாக இருக்கிறது என்று டெங்குவில் முடிவுகட்ட முடியாது. நாம் அறிந்த காமாலை நோயில் முதலில் கண்ணில் படுவது மஞ்சள் நிறம். டெங்குவில் முதலில் தெரிவது வலப்பக்க வயிற்று வலி, விடாத வாந்தி, சோறு தண்ணீர் எதுவும் வேண்டாமென்று சுருண்டு படுத்துக்கொள்வது.

பரிசோதனைத் தாளில் எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. என்று இரண்டு வரிகள் இருக்கும். முதலாவது ஏ.எஸ்.டி., இரண்டாவது ஏ.எல்.டி. அசுத்தமான குடிநீரால் வரும் ஹெபடைட்டிஸ்-ஏ போன்ற காமாலையில் பொதுவாக இரண்டாவதுதான் அதிகமாக ஏறும். டெங்குவில் முதலாவது முந்துகிறது. காரணம், ஏ.எஸ்.டி. கல்லீரலில் மட்டும் இருப்பதில்லை. தசையிலும் இதயத்திலும் சிவப்பணுக்களிலும் உண்டு. உடம்பையே முறித்துப் போடும் காய்ச்சலில் தசைகளும் அடிபடுகின்றன. அதனால் இரண்டு எண்களையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும். காய்ச்சல் தொடங்கி ஏழாவது நாளிலிருந்து ஒன்பதாவது நாளுக்குள் அவை உச்சத்தைத் தொட்டு, இரண்டு மூன்று வாரங்களில் தாமாகவே இறங்கிவிடும். தட்டணு ஏறத் தொடங்கிவிட்டது, குழந்தை எழுந்து விளையாடுகிறது, ஆனால் எஸ்.ஜி.ஓ.டி. முந்நூறு என்று வருகிறது, பெற்றோர் பதறுகிறார்கள். பசியெடுத்துச் சாப்பிடும், நன்றாகச் சிறுநீர் கழிக்கும் குழந்தையிடம் அந்த முந்நூறு பெரும்பாலும் பழைய கணக்குதான்.

கல்லீரல் எப்படி அடிபடுகிறது?

வைரஸ் கல்லீரல் செல்களுக்குள்ளேயே நுழைகிறது. அங்கே காவல் இருக்கும் குப்ஃபர் செல்களையும் தொற்றுகிறது. தொற்றிய செல்களை அழிக்கப் புறப்படும் நோய் எதிர்ப்பாற்றல், அழிக்க வேண்டியதற்கு மேலாகவே அழித்துவிடுகிறது. ரத்தம் உறையாத நேரத்தில் ஊசி போட்டுக் கல்லீரல் திசுவை எடுப்பது ஆபத்து என்பதால், நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி இறந்தவர்களின் உடற்கூறாய்விலிருந்து வந்ததே. அவற்றில் கல்லீரல் நுண்மடல்களின் நடுப்பகுதிச் செல்கள் மடிந்திருப்பதைக் காண முடிந்தது. இந்த இரண்டு வழிகளையும் தடுக்க நம்மிடம் மருந்து இல்லை. டெங்கு வைரஸைக் கொல்லும் மருந்து எதுவும் இன்றுவரை வழக்கமான சிகிச்சைக்கு வந்து சேரவில்லை.

தடுக்கக்கூடியவை வேறு இரண்டு. முதலாவது, ரத்த ஓட்டக் குறைவு. கல்லீரலுக்குள் வரும் ரத்தத்தில் கிட்டத்தட்ட நான்கில் மூன்று பங்கு குடலிலிருந்து போர்ட்டல் சிரை வழியாக வருகிறது. அது ஏற்கெனவே குடலுக்கு ஆக்ஸிஜனைக் கொடுத்துவிட்டு வரும் ரத்தம். எஞ்சிய ஒரு பங்குதான் தமனி வழியாகப் புதிதாக வருகிறது. நீர்மக் கசிவால் ரத்தத்தின் கனஅளவு குறையும்போது, மூளையையும் இதயத்தையும் காப்பதற்காக உடல் முதலில் குடலின் ரத்தத்தைத்தான் குறைக்கிறது. குடலுக்குக் குறைந்தால் கல்லீரலுக்கும் குறையும். குழந்தை இன்னும் பேசிக்கொண்டிருக்கும்போதே, ரத்த அழுத்தக் கருவி இன்னும் நல்ல எண்ணைக் காட்டிக்கொண்டிருக்கும்போதே, கல்லீரலில் மூச்சுத் திணறல் தொடங்கியிருக்கும். குழந்தைகளின் நுண்ரத்தக் குழாய்கள் பெரியவர்களுடையதைவிட எளிதில் கசியக்கூடியவை. அதனால்தான் ஒரே வீட்டில் ஒரே கொசு கடித்தாலும், அப்பாவுக்கு உடல்வலியோடு போகும் நோய் பிள்ளைக்கு அதிர்ச்சி நிலை வரை போகிறது. இந்தக் கசிவு நடக்கும் காலம் 24 முதல் 48 மணி நேரம்தான். அது தொடங்குவதோ, பெரும்பாலும் காய்ச்சல் இறங்கும் வேளையில். ‘காய்ச்சல் விட்டுடுச்சு, வீட்டுக்குப் போகலாம்’ என்று மூட்டை கட்டும் அந்த நாள்தான் டெங்குவில் மிகவும் கண்விழித்திருக்க வேண்டிய நாள்.

தடுக்கக்கூடிய இரண்டாவது காரணம், நாமே கொடுக்கும் மருந்து. இதைச் சற்று விரிவாகப் பேச வேண்டும். ஏனென்றால், எந்த மருத்துவமனைக்கும் போகாமல், எந்தச் செலவும் இல்லாமல் முழுமையாகத் தடுக்கக்கூடிய கல்லீரல் பாதிப்பு இதுதான்.

அந்த ஐந்து மில்லி

டெங்குக் காய்ச்சலுக்கு ஒரு குணம் உண்டு: பாராசிட்டமாலுக்கு அது முழுதாகப் பணியாது. மருந்து கொடுத்தால் 103 டிகிரி 101 ஆகும். மூன்று மணி நேரத்தில் மறுபடி 103. வைரஸ் தன் சுற்றை முடிக்கும்வரை, இரண்டிலிருந்து ஏழு நாள் வரை, இது இப்படித்தான் இருக்கும். இதைப் பெற்றோருக்கு யாரும் சொல்வதில்லை. மருந்து வேலை செய்யவில்லை என்று அவர்கள் நினைக்கிறார்கள்; மறுபடி கொடுக்கிறார்கள். நள்ளிரவில் கொதிக்கும் பிள்ளையை மடியில் வைத்திருக்கும் எந்தத் தாயும் வேறு என்ன செய்வாள்? குற்றம் அவளுடையது அல்ல. இந்தக் காய்ச்சல் இப்படித்தான் ஏறி இறங்கும் என்று முதல் நாளே சொல்லி அனுப்பாத மருத்துவ முறையுடையது.

பாராசிட்டமாலுக்குக் கணக்கு எளிது. குழந்தையின் எடையில் கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம், ஒரு வேளைக்கு. டெங்குவில் இரண்டு வேளைகளுக்கு நடுவே ஆறு மணி நேர இடைவெளி. நாளொன்றுக்குக் கிலோவுக்கு 60 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. பத்து கிலோ குழந்தைக்கு ஒரு நாளைக்கு அதிகபட்சம் 600 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்வோம். இப்போது மருந்துக்கடைக்குப் போய்ப் பாருங்கள். ஐந்து மில்லியில் 125 மில்லிகிராம் உள்ள சிரப் ஒன்று. அதே ஐந்து மில்லியில் 250 மில்லிகிராம் உள்ள சிரப் இன்னொன்று. கைக்குழந்தைகளுக்கென்று ஒவ்வொரு மில்லியிலும் 100 மில்லிகிராம் அடைத்த டிராப்ஸ். பெயரின் பின்னால் இருக்கும் எண் மட்டும் மாறும். நிறமும் புட்டியும் ஒரே ஜாடை. ஐந்து மில்லி என்பது வீட்டுக்குப் பழகிய அளவு. முதல் புட்டியில் அந்த ஐந்து மில்லி சரியான வேளை அளவு. இரண்டாவது புட்டியில் அதுவே 250 மில்லிகிராம். நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை கொடுத்தால் நாளுக்கு 1,500 மில்லிகிராம், எல்லையைப் போல் இரண்டரை மடங்கு. டிராப்ஸை ஐந்து மில்லி ஊற்றிவிட்டால் ஒரே வேளையில் 500 மில்லிகிராம் உள்ளே போய்விடும். இதோடு சளி மருந்து என்று தனியாகக் கொடுக்கும் சிரப்பிலும் பல நேரம் பாராசிட்டமால் கலந்திருக்கும். கிளினிக்கில் போட்ட ஊசியிலும் அது இருந்திருக்கலாம். எவரும் கூட்டிப் பார்ப்பதில்லை.

நல்ல ஆரோக்கியமான குழந்தைக்கு இந்த மிகுதியைச் சமாளிக்கும் திறன் ஓரளவு உண்டு. பாராசிட்டமாலில் ஒரு சிறு பங்கு கல்லீரலில் நச்சுப்பொருளாக மாறுகிறது. குளுட்டாதயோன் என்ற பொருள் அதை உடனுக்குடன் முறித்துவிடுகிறது. ஆனால், மூன்று நாளாக வாந்தியெடுத்து, சரியாகச் சாப்பிடாமல் கிடக்கும் குழந்தையின் குளுட்டாதயோன் இருப்பு கரைந்துபோயிருக்கும். வைரஸால் பாதி செல்கள் சோர்ந்திருக்கும். ரத்த ஓட்டமும் குறையத் தொடங்கியிருக்கும். அந்த நேரம் பார்த்து நச்சு கூடுகிறது. அதனால், தனியாக எடுத்தால் தாங்கக்கூடிய அளவுகூட டெங்குவில் தாங்க முடியாததாகிவிடலாம். பாராசிட்டமால் போதவில்லை என்று தேடப்படும் மாற்றுகள் இன்னும் மோசம். இபுபுரூஃபென், மெஃபெனமிக் அமிலம் போன்றவை வயிற்றுப் புண்ணையும் ரத்தக்கசிவையும் கூட்டும். ஆஸ்பிரினுக்குக் குழந்தைகளின் கல்லீரலையும் மூளையையும் ஒருசேரத் தாக்கும் ரே நோய்க்குறியோடு தொடர்பு உண்டு. நிமசுலைடைப் பன்னிரண்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகளுக்குக் கொடுக்க இந்திய அரசு 2011-லேயே தடை விதித்தது. அந்தத் தடைக்குப் பின்னால் இருந்த கவலையே கல்லீரல்தான். பாராசிட்டமாலோடு இபுபுரூஃபென் கலந்த சிரப்புகள் மருத்துவர் சீட்டில்லாமல் கவுன்டரில் கேட்டாலே கிடைக்கின்றன. மழைக்காலக் காய்ச்சலுக்கு அவற்றை எடுத்துக் கொடுக்கும் வழக்கம் நிற்க வேண்டும்.

எதிர்வாதங்கள்

இங்கே மருத்துவர்களே ஒரு கேள்வி எழுப்புவார்கள். நொதிகள் பத்தில் ஒன்பது பேருக்கு உயர்கின்றன, அவர்களில் மிகப் பெரும்பாலோருக்குத் தாமாகச் சரியாகின்றன என்றால், கல்லீரலைப் பற்றி இவ்வளவு பேசுவது பயத்தைக் கிளப்புவது ஆகாதா? நியாயமான கேள்வி. டெங்குவில் முழுமையான கல்லீரல் செயலிழப்பு அரிது. அதில் தப்பிய குழந்தைகளுக்கும் கல்லீரல் பழையபடி முழுதாகத் தேறிவிடுகிறது. ஹெபடைட்டிஸ்-பி போல நாள்பட்ட நோயாகத் தங்குவதில்லை. அதனால் காய்ச்சல் வந்த எல்லாக் குழந்தைக்கும் தினம் ஒரு கல்லீரல் பரிசோதனை என்று எழுதிக் கொடுப்பது வீண். ஆனால், இதே வாதம் தட்டணுவுக்கும் பொருந்தும் என்பதை அவர்கள் கவனிக்க வேண்டும். தட்டணுவும் கிட்டத்தட்ட எல்லோருக்கும் குறைகிறது; கிட்டத்தட்ட எல்லோருக்கும் தானாக ஏறுகிறது. அதை மட்டும் காலையும் மாலையும் எண்ணுகிறோமே, ஏன்? வேறுபாடு இங்கே: தட்டணு குறைந்தது தெரிந்தால் செய்வதற்குப் பெரிதாக ஒன்றுமில்லை, கல்லீரல் வீங்கி வலிக்கிறது என்று தெரிந்தால் செய்ய வேண்டியவை நிறைய இருக்கின்றன. மருந்தின் அளவைத் திரும்பக் கணக்கிடலாம், கசிவு தொடங்கிவிட்டதா என்று பார்க்கலாம், வீட்டுக்கு அனுப்பாமல் நிறுத்தி வைக்கலாம், சர்க்கரை அளவைச் சோதிக்கலாம்.

தட்டணு ஏற்றுவதே பெரிய சிகிச்சை இல்லையா என்று கேட்கலாம். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் நடந்து 2017-ல் லான்செட் இதழில் வெளிவந்த ஆய்வில், தட்டணு இருபதாயிரத்துக்குக் கீழே இறங்கியும் ரத்தக்கசிவு இல்லாத நோயாளிகளைப் பிரித்து, ஒரு பிரிவினருக்கு முன்னெச்சரிக்கையாகத் தட்டணு ஏற்றினார்கள், மற்றவர்களுக்கு ஏற்றவில்லை. ரத்தக்கசிவைத் தடுப்பதில் ஏற்றியதால் பலன் தெரியவில்லை; பக்கவிளைவுகள்தான் கூடின. அது பெரியவர்களிடம் நடந்த ஆய்வு என்பது உண்மை. ஆனால், குழந்தைகளுக்கான வழிகாட்டுதல்களும் ரத்தக்கசிவு இல்லாமல் எண்ணிக்கையை மட்டும் பார்த்து ஏற்றச் சொல்வதில்லை. கல்லீரல் உண்மையாகவே செயலிழந்த குழந்தைக்கு ரத்தம் கசிவது வேறொரு காரணத்தாலும்தான்: ரத்தத்தை உறைய வைக்கும் காரணிகளைச் செய்வதே கல்லீரல். அந்தக் குழந்தைக்குத் தட்டணுவை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தால் பாதிக் கதையைத்தான் படிக்கிறோம்.

செலவைப் பற்றியும் பேசத்தான் வேண்டும். தட்டணுப் பரிசோதனை மலிவு, எங்கும் கிடைக்கும்; கல்லீரல் பரிசோதனைக்குக் கூடுதல் பணம் வேண்டும். கிராமப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் அதற்குக் காத்திருக்க முடியுமா? தேவையில்லை என்பதே பதில். தட்டணுவை அச்சிட்டுத் தரும் அதே தாளில், சில வரிகள் மேலே, பி.சி.வி. அல்லது ஹெச்.சி.டி. என்று ஓர் எண் இருக்கிறது. ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கைச் சொல்லும் எண் அது. நீர்மம் கசிந்தால் ரத்தம் கெட்டியாகும். அந்த எண் ஏறும். முதல் நாள் இருந்ததைவிட ஐந்தில் ஒரு பங்கு ஏறினால் கசிவு உறுதி. கல்லீரலைப் பட்டினி போடும் கசிவைக் காட்டுவது அந்த வரிதான். அதற்குத் தனிக் கட்டணம் இல்லை. கல்லீரல் வீக்கத்தை அறியவோ மருத்துவரின் விரல்கள் போதும். கைக்குழந்தைகளுக்கு இயல்பாகவே கல்லீரல் ஓரிரு சென்டிமீட்டர் கைக்குத் தட்டுப்படும் என்பதால், நேற்றைக்கும் இன்றைக்கும் ஒப்பிட்டுப் பார்ப்பதும், அழுத்தினால் குழந்தை முகம் சுளிக்கிறதா என்று பார்ப்பதும் முக்கியம். குண்டான குழந்தைகளிடம் இன்னும் கவனம் வேண்டும். கொழுப்பேறிய கல்லீரல் ஏற்கெனவே நலிந்தது, வயிற்றைத் தொட்டு வீக்கத்தை அறிவதும் கடினம்.

பாராசிட்டமாலைப் பற்றிப் பயமுறுத்தினால் மக்கள் அதைவிட ஆபத்தான மருந்துக்குப் போய்விடுவார்கள் என்ற கவலையும் எனக்குப் புரிகிறது. ஆகவே தெளிவாகவே சொல்லிவிடுகிறேன்: டெங்குக் காய்ச்சலுக்குக் கொடுக்கக்கூடிய பாதுகாப்பான மருந்து பாராசிட்டமால்தான். எடைக்கேற்ற அளவில், ஆறு மணி நேர இடைவெளியில் கொடுத்தால் அஞ்ச வேண்டியதில்லை. இடையில் காய்ச்சல் ஏறினால் வெதுவெதுப்பான நீரில் துணியை நனைத்து உடம்பைத் துடைத்துவிடலாம். 101 டிகிரியில் பிள்ளை ஓரளவு தெளிவாக இருந்தால் அதை 98-க்குக் கொண்டுவந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை.

நிலவேம்புக் குடிநீர், பப்பாளி இலைச்சாறு பற்றிப் பேசாமல் தமிழ்நாட்டில் டெங்கு கட்டுரை முடியாது. 2012-ல் திருநெல்வேலி வட்டாரத்தில் தொடங்கி மாநிலமெங்கும் பன்னிரண்டாயிரத்துக்கு மேற்பட்டவர்களுக்கு டெங்கு பரவிய ஆண்டுக்குப் பிறகு, நிலவேம்பை அரசே வீதி வீதியாக விநியோகித்தது. சித்த மருத்துவத்தில் காய்ச்சலுக்கு அதற்கென்று நீண்ட வழக்கு உண்டு. அதை இகழ்வது என் நோக்கமில்லை. ஆனால், நீர்மக் கசிவையோ கல்லீரல் சேதத்தையோ குழந்தைகளிடம் அது தடுக்கிறது என்று நிறுவும் பெரிய அளவிலான ஆய்வுகள் இல்லை. பப்பாளி இலைச்சாறு தட்டணுவைச் சற்று விரைவாக ஏற்றுவதாகச் சில ஆய்வுகள் சொல்கின்றன. இறப்பைக் குறைத்ததாகச் சொல்லவில்லை. மறுபடியும் அந்த ஒற்றை எண்ணின் மயக்கம்தான். நடைமுறையில் நேரும் கேடு வேறு: வாந்தியெடுக்கும் குழந்தையின் மூக்கைப் பிடித்துக் கசப்புச் சாற்றை ஊற்றும்போது, அதே நேரத்தில் வயிற்றில் தங்கியிருக்கக்கூடிய ஓ.ஆர்.எஸ். கரைசலும் கஞ்சியும் இளநீரும் உள்ளே போகாமல் போகின்றன. கல்லீரலுக்கு அந்த நேரத்தில் வேண்டியது அவைதான். கல்லீரல் டானிக் என்ற பெயரில் எழுதித் தரப்படும் சிரப்புகளுக்கும், தட்டணு ஏறும் என்று போடப்படும் ஸ்டீராய்டு ஊசிகளுக்கும் டெங்குவில் பயன் நிறுவப்படவில்லை.

எல்லாக் கல்லீரல் வீக்கத்தையும் டெங்குவின் தலையில் கட்டிவிடவும் கூடாது. டெங்குவில் ஆழ்ந்த காமாலை அரிது என்பதால், கண் நன்றாக மஞ்சளாகிவிட்ட குழந்தையிடம் மருத்துவர் வேறு காரணங்களைத் தேட வேண்டும். அதே மழைக்காலத்தில்தான் எலிக்காய்ச்சலும் உண்ணிக்காய்ச்சலும் வருகின்றன. தமிழ்நாட்டில் உண்ணிக்காய்ச்சல் நாம் நினைப்பதைவிட அதிகம். அதிலும் தட்டணு குறையும், கல்லீரல் நொதிகள் ஏறும், நீர்மம் கசியும். அதற்குக் கைகண்ட மருந்தாக டாக்ஸிசைக்ளின் இருக்கிறது. டெங்கு என்று நினைத்துக் காத்திருந்தால் அந்த வாய்ப்பு நழுவும். ஒரு வாரம் கடந்தும் காய்ச்சல் விடாவிட்டால், மண்ணீரலும் வீங்கி ரத்தத்தில் எல்லா அணுக்களும் குறைந்தால், எதிர்ப்பாற்றலே உடலின் மேல் பாயும் ஹெச்.எல்.ஹெச். என்ற நிலை வந்திருக்கலாம். ஃபெரிட்டின் பரிசோதனை அதற்குத் துப்புக் கொடுக்கும்.

கல்லீரல் செயலிழக்கத் தொடங்கினால் குழந்தை எப்படி இருக்கும் என்பதைப் பெற்றோரும் செவிலியர்களும் அறிந்திருப்பது நல்லது. பகலில் உறக்கம், இரவில் விழிப்பு, காரணமில்லாத எரிச்சல், கேட்டதற்குச் சம்பந்தமில்லாத பதில், தெரிந்தவர்களை அடையாளம் தெரியாமல் விழிப்பது. ‘அசதி, தூங்கட்டும்’ என்று விட்டுவிடுகிறோம். ஆனால், கல்லீரல் அகற்றத் தவறிய அம்மோனியா மூளையை எட்டுவதன் அடையாளமாக அது இருக்கலாம். சிறு குழந்தைகளின் கல்லீரலில் சர்க்கரைச் சேமிப்பும் குறைவு. அது தீர்ந்தால் சர்க்கரை விழுந்து வலிப்பு வரலாம். அங்கே சிகிச்சை என்பது சர்க்கரையை நிலையாக வைப்பது, உறைகாரணிகளை ஈடு செய்வது, நீர்மத்தை அளந்து கொடுப்பது, மூளை வீக்கத்தைத் தடுப்பது. பாராசிட்டமால் நச்சுக்கு முறிவான என்-அசிட்டைல் சிஸ்டீனைப் பல மருத்துவமனைகள் டெங்குவிலும் கொடுக்கின்றன. ஆதாரம் சிறிய அளவிலானதே என்றாலும், மருந்தளவு மீறிய சந்தேகம் இருக்கும்போது தயங்க வேண்டியதில்லை. அந்த நிலை வந்துவிட்டால் உயிர் பிழைப்பது கடினம். அதற்கு முந்தைய நாள்களில்தான் நமக்கு வாய்ப்பு இருக்கிறது.

முந்தைய நாள்களில் வெல்ல முடியும் என்பதற்குப் பாக் நீரிணைக்கு அந்தப் பக்கம் சான்று இருக்கிறது. இலங்கையில் 2009-ல் ஏறத்தாழ 35,000 பேருக்கு டெங்கு வந்து 340-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், நூற்றுக்கு ஒருவர். 2017-ல் 1,86,000 பேருக்கு மேல் வந்தபோது இறந்தவர்கள் சுமார் 440 பேர்; ஆயிரத்துக்கு இரண்டு மூன்று பேர். இடைப்பட்ட ஆண்டுகளில் புது மருந்து எதுவும் வரவில்லை. பாங்காக்கின் குழந்தைகள் மருத்துவமனை அனுபவத்தைக் கற்றுவந்து, நாடு முழுவதற்கும் ஒரே வழிகாட்டுதலை எழுதினார்கள். கசிவு தொடங்கும் நேரத்தைக் கண்டுபிடித்து, அந்த 48 மணி நேரத்துக்குக் குழந்தையின் இயல்பான தேவையோடு உடல் எடையில் ஐந்து சதவீதத்தையும் சேர்த்து ஒதுக்கீடு வைத்து, மணிக்கு மணி நாடியையும் சிறுநீரையும் ஹெச்.சி.டி.யையும் பார்த்து நீர்மத்தைக் கூட்டிக் குறைத்தார்கள். இன்ன மருந்து கூடாது என்பதும் அதில் உண்டு. லேசான நோயாளிகளும் கணக்கில் வந்ததால்தான் விகிதம் குறைந்தது என்று சொல்லலாம். அதில் ஓரளவு உண்மை இருக்கும். முழு விளக்கம் அது ஆகாது என்றே கருதுகிறேன். இந்தச் சிகிச்சையில் குறைவு எவ்வளவு கேடோ, மிகுதியும் அவ்வளவு கேடு. ‘டிரிப்ஸ் போடுங்க’ என்று வற்புறுத்தி அளவில்லாமல் ஏற்றிய நீர் நெஞ்சிலும் வயிற்றிலும் தேங்கும். கல்லீரல் அதனாலும் புடைக்கும்.

தமிழ்நாட்டில் மருத்துவமனைகளுக்குக் குறைவில்லை, திறமையான குழந்தை மருத்துவர்களுக்கும் குறைவில்லை. 1960-களிலேயே வேலூரில் ஆய்வாளர்கள் டெங்கு வைரஸைப் பிரித்தெடுத்த மண் இது. இங்கே செய்ய வேண்டியவை பெரிய முதலீடு கேட்பவை அல்ல. குழந்தைகளுக்கான பாராசிட்டமால் புட்டிகளில் எடைக்கு எத்தனை மில்லி என்ற அட்டவணை தமிழில், படிக்கும் அளவு எழுத்தில் இருக்க வேண்டும். மூடியில் ஊற்றிக் கொடுப்பதற்குப் பதிலாக அளவு போட்ட சிரிஞ்ச் ஒவ்வொரு புட்டியோடும் வர வேண்டும். மழைக்கால மாதங்களில் கலவை மருந்துகளைச் சீட்டில்லாமல் விற்பதை மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை நேரடியாகக் கண்காணிக்க வேண்டும். ஆய்வகத் தாள்களில் தட்டணுவைப் பெரிய எழுத்தில் அச்சிடுவதுபோல ஹெச்.சி.டி.யையும் அச்சிட வேண்டும். காய்ச்சல் முகாமில் குழந்தையின் எடையைப் பார்க்காமல் மருந்து கொடுக்கக் கூடாது.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். வரும் மழைக்காலத்தில் உங்கள் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால், கொடுத்த மருந்தின் பெயர், மில்லி, நேரம் மூன்றையும் ஒரு தாளில் எழுதிவைத்து அதை மருத்துவரிடம் காட்டுங்கள். நான்கிலிருந்து ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை சிறுநீர் போகிறதா என்று பாருங்கள். காய்ச்சல் விட்ட பிறகு வயிறு வலிக்கிறது என்றாலோ, வாந்தி நிற்கவில்லை என்றாலோ, கை கால் சில்லிட்டாலோ, குழந்தை வழக்கத்துக்கு மாறாகத் துவண்டாலோ, இரவென்று பார்க்காமல் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். அங்கே பிளேட்லெட் எவ்வளவு என்று கேட்பதற்கு முன்னால், ‘வயிற்றைத் தொட்டுப் பார்த்தீங்களா டாக்டர், பி.சி.வி. ஏறியிருக்கா?’ என்று கேளுங்கள்.